விரலுக்குத் தகுந்த வீக்கம்: வீட்டுக் கணினியின் விலையும் வரலாறும்

வீட்டுக்கு ஒரு கருவியை வாங்க முற்படும் குடும்பத்தின்முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. ‘விலை என்ன?’ என்பது ஒன்று. ‘எவ்வளவு இருந்தால் நமக்குப் போதும்?’ என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குக் கடைக்காரர் நொடியில் விடை கூறிவிடுவார். இரண்டாம் கேள்விக்கு விடை காணும் பொறுப்பு வாங்குவோரைச் சார்ந்தது. தையற்பொறி, மிதிவண்டி, வானொலிப் பெட்டி ஆகியவை தமிழர் இல்லங்களுக்குள் வந்த காலத்திலும் இக்கேள்விகள் எழுந்தன. காலப்போக்கில் ஒவ்வொன்றுக்கும் ஊரறிந்த ஓர் அளவு ஏற்பட்டது. மடிக்கணினிக்கு அத்தகைய அளவு இன்னும் நிலைபெறவில்லை.

ஜொகூர் பாரு நகரையடுத்த தம்போயை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். மலாய் மொழியில் தம்போய் என்பது ஒரு பழமரத்தின் பெயருமாகும். 1937இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையால் ஒரு காலத்தில் அறியப்பட்ட அவ்வூர், பின்னர்த் தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் பெருகிய புறநகராக வளர்ந்தது. விடியுமுன் புறப்பட்டு, ஜொகூர் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் உழைப்பாளிகள் அப்பகுதியில் உண்டு. அத்தகைய குடும்பத்திற்குக் கணினியால் ஆகவேண்டிய காரியங்கள் சிலவே: பிள்ளைகளின் பள்ளிப் பாடம், வங்கிக் கணக்கு, அரசாங்கப் படிவங்கள், தொலைவிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசுதல், தமிழில் ஒரு கடிதமோ கட்டுரையோ எழுதுதல். இவற்றுக்கு எத்தகைய கணினி போதும்? எதைக் குறைத்தால் பணம் மிஞ்சும்? எதைக் குறைத்தால் பணம் வீணாகும்?

இக்கேள்வி புதியதன்று. 1981ஆம் ஆண்டிலேயே இதனை வெளிப்படையாக எழுப்பி, அதற்கு விடையாக ஒரு பொறியைச் செய்து விற்றவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன். அவருடைய இளமை கழிந்த இடம் திருவண்ணாமலை என்பது தமிழர் பலர் அறியாத செய்தியாகும்.

அண்ணாமலையின் அடிவாரத்தில்

ஆடம் ஆஸ்போர்ன் 1939ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாங்காக்கில் பிறந்தார். தந்தையார் ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். பாங்காக்கின் சூலலாங்கோன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். தாயார் லூசியா போலந்து நாட்டவர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தையார் சயாமில் சப்பானியரிடம் சிறைப்பட்டார். தாயாரும் பிள்ளைகளும் அதற்கு முன்பே திருவண்ணாமலை சென்று, இரமண மகரிசியின் ஆசிரமத்தை அண்டி வாழ்ந்துவந்தனர். போர் முடிந்தபின் தந்தையாரும் அங்கு வந்து சேர்ந்தார். ஆர்தர் ஆஸ்போர்ன் பிற்காலத்தில் இரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார்; ஆசிரமத்தின் ஆங்கில இதழை 1964இல் தொடங்கி, அதன் ஆசிரியராகவும் விளங்கினார்.

இவ்வாறு ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்த சிறுவன், தமிழ் பேசும் ஊரில், தமிழ் பேசத் தெரிந்தவனாக வளர்ந்தான். கோடைக்கானலில் பள்ளிக் கல்வி பெற்று, பதினோராம் வயதளவில் இங்கிலாந்து சென்றான். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்று 1961இல் பட்டம் பெற்ற ஆஸ்போர்ன், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1968இல் முனைவரானார். சிலகாலம் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றியபின் அதனை விட்டு விலகி, கணினி பற்றிய விளக்க நூல்களை எழுதத் தொடங்கினார். நுண்கணினிகளைப் பற்றி 1970களில் அவர் எழுதி வெளியிட்ட நூல்கள் நன்கு விற்பனையாயின. 1979இல் அவருடைய நூற்பதிப்பு நிறுவனத்தை மெக்ராஹில் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அப்பணமே கணினி செய்யும் தொழிலுக்கு முதலாயிற்று.

ஆசிரமத்து எளிமைதான் பிற்காலத்தில் எளிய விலைக் கணினியாக உருவெடுத்தது என்று கூறுவது கவர்ச்சியாக இருக்கலாம். ஆயினும் அதற்குச் சான்றில்லை. அவர் கண்ணாரக் கண்டது அமெரிக்கக் கணினிச் சந்தையின் நிலைமையை. நூலாசிரியர் என்ற முறையில் கணினி வாங்கிய எளிய மக்களின் குழப்பங்களை அவர் அணுகி அறிந்திருந்தார். அவர் செய்த பொறி அந்த அறிவின் பயன் என்று கொள்வதே பொருத்தமாகும்.

1981ஆம் ஆண்டின் பொறி

அக்காலத்தில் ஒருவர் கணினி வாங்குவதென்றால், பெட்டிக்குத் தனி விலை. திரைக்குத் தனி விலை. வட்டு இயக்கிக்குத் தனி விலை. இவ்வளவும் வாங்கிய பின்னரும் அதனால் ஒரு கடிதம் எழுத முடியாது. எழுதுவதற்கான மென்பொருளை மீண்டும் பணம் கொடுத்து வாங்கவேண்டும். ‘வேர்ட்ஸ்டார்’ என்னும் எழுத்து மென்பொருள் ஒன்றுக்கே அந்நாளில் ஏறத்தாழ 500 டாலர் செலவாயிற்று.

1981 ஏப்ரலில் அமெரிக்க மேற்குக் கடற்கரைக் கணினிக் கண்காட்சியில் ‘ஆஸ்போர்ன் 1’ என்னும் பொறி மக்கள்முன் வைக்கப்பட்டது. லீ ஃபெல்சன்ஸ்டைன் என்னும் பொறியியலார் அதனை வடிவமைத்திருந்தார். விலை 1,795 டாலர். மூடினால் ஒரு பயணப்பெட்டி. அதன் மூடியே விசைப்பலகை. விமான இருக்கையின் அடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பெருமைகளுள் ஒன்று. எடையோ ஏறத்தாழ 11 கிலோகிராம். இன்றைய மடிக்கணினிகள் ஆறேழினைச் சேர்த்துத் தூக்குவதற்கு அது சமம். எனினும், வணிக வெற்றி பெற்ற முதற் கையேந்து கணினி என்னும் சிறப்பு அதற்கே உரியது.

அப்பொறியில் எவை குறைக்கப்பட்டன, எவை கொடுக்கப்பட்டன என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. திரை 5 அங்குலமே. ஒரு வரியில் 52 எழுத்துகள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். தட்டச்சுத் தாளின் வழக்கமான வரிக்கு 80 எழுத்துகள் ஆதலின், எஞ்சியதைக் காணத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்தவேண்டும். செயலி, புதுமை ஏதுமற்ற சைலாக் நிறுவனத்தின் இசட்80. இவையெல்லாம் குறைக்கப்பட்டவை. ஆனால் நினைவகம் அந்நாளைய அளவிற்கு நிறைவான 64 கிலோபைட். வட்டு இயக்கிகள் இரண்டு. அவற்றோடு, எழுதுவதற்கு வேர்ட்ஸ்டார், கணக்குப் போடுவதற்கு சூப்பர்கால்க், நிரல் எழுதுவதற்கு பேசிக் மொழி ஆகிய அனைத்தும் அதே விலைக்குள் அடங்கின. வாங்கியவர் வீட்டுக்குச் சென்று மின்னிணைப்புக் கொடுத்து அன்றிரவே வேலையைத் தொடங்கலாம்.

மிக உயர்ந்ததைத் தேடவேண்டா. செய்யவேண்டிய வேலைக்குப் போதுமானது இருந்தால் அதுவே நிறைவு என்பது ஆஸ்போர்ன் வெளிப்படையாகக் கூறிவந்த கொள்கை. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்று தமிழ்ப் பழமொழி கூறுவதும் இதுவேயன்றோ? மக்கள் அதனை ஏற்றனர். விற்பனை உச்சத்திலிருந்தபோது திங்களுக்குப் பத்தாயிரம் பொறிகள் வரை வெளிச்சென்றன.

வீழ்ச்சியும் அதன் காரணமும்

எழுச்சி எவ்வளவு விரைவோ, வீழ்ச்சியும் அவ்வளவு விரைவு. 1983 செப்டம்பரில் ஆஸ்போர்ன் நிறுவனம் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. பொறி வெளிவந்து முழுதாக மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை.

இவ்வீழ்ச்சிக்குப் பரவலாகக் கூறப்படும் காரணம் ஒன்றுண்டு. புதிய, மேலான பொறி வரப்போகிறது என்று ஆஸ்போர்ன் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அதனைக் கேட்ட மக்கள் இருக்கும் பொறியை வாங்காது காத்திருந்தனர். கிடங்கில் சரக்குத் தேங்கியது. கையில் பணம் வற்றியது. வருவதை அறிவித்து இருப்பதைக் கெடுத்துக்கொள்ளும் செயலுக்கு ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்றே வணிக உலகம் பெயரிட்டுவிட்டது. பிற்காலத்தில் ஆராய்ந்தோர் சிலர் இக்கதையை முழுதும் ஏற்பதில்லை. 1982இல் வெளிவந்த ‘கேப்ரோ’ என்னும் போட்டிப் பொறி, ஏறத்தாழ அதே விலைக்கு, 9 அங்குலத் திரையும் 80 எழுத்து வரியும் கொடுத்தது. நிறுவனத்தின் உள்நிருவாகமும் சீராக இல்லை. இவையே பெருங்காரணங்கள் என்பர் அவர்.

இவ்விரண்டு விளக்கங்களையும் சேர்த்து நோக்கினால் வாங்குவோருக்கு ஓர் உண்மை புலப்படும். ‘போதும்’ என்னும் அளவு என்றும் ஓரிடத்தில் நிற்பதன்று. 1981இல் 5 அங்குலத் திரையைப் பொறுத்துக்கொண்ட கண்கள், 9 அங்குலத் திரையைக் கண்டபின் பொறுக்கவில்லை. செயலியின் வேகத்தில் உள்ள சிறு குறையை மனிதர் எளிதில் மறந்துவிடுவர். நாள்தோறும் கண் படும் திரையிலும் கை படும் விசைப்பலகையிலும் உள்ள குறையை மறப்பது அரிது.

ஆஸ்போர்ன் அதனோடு ஓய்ந்துவிடவில்லை. 1984இல் மலிவு விலையில் மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 495 டாலருக்கு விற்ற லோட்டஸ் நிறுவனத்தின் கணக்குத்தாள் மென்பொருள் செய்யும் வேலையைச் செய்யவல்ல மென்பொருளை அவர் நிறுவனம் 100 டாலருக்குள் கொடுத்தது. லோட்டஸ் நிறுவனம் 1987இல் வழக்குத் தொடுத்தது. 1990இல் தீர்ப்பு லோட்டசுக்குச் சார்பாக அமைந்தது. நலிந்த உடல்நிலையோடு இந்தியா திரும்பிய ஆஸ்போர்ன், இளமையில் பயின்ற கோடைக்கானலிலேயே 2003 மார்ச்சில் காலமானார்.

தமிழுக்கு இடமில்லாத பெட்டி

தமிழ் பேசத் தெரிந்த அவர் செய்த பொறியில் தமிழ் எழுத இயலவில்லை. இது அவர் குற்றமன்று. அக்காலக் கணினிகளின் அமைப்பே அத்தகையது. எழுத்து ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாகவே கணினி அறியும். அந்நாளைய பொது முறையில் 128 எண்களே இருந்தன. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், நிறுத்தக் குறிகள், கட்டளைக் குறிகள் ஆகியவற்றுக்கே அவை செலவாகிவிட்டன. மேலும் 128 இடங்களைத் தரவல்ல எட்டாம் துண்மியையோ வேர்ட்ஸ்டார் தன் சொந்தக் குறிப்புகளுக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஆகவே, ஆங்கிலேயருக்குப் ‘போதுமானதாக’ இருந்த பெட்டி தமிழருக்குப் போதாததாக இருந்தது.

அக்குறையைத் தீர்க்க முயன்றவர்களுள் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்குத் தனியிடம் உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளின் முதற் பதிப்பை உருவாக்கினார். அதுவே பின்னர் ‘முரசு அஞ்சல்’ எனப் பெயர்பெற்றது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் முறையை அமைத்தார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் தமிழிலும் இடம்பெற வழிவகுத்தார். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ்க் கணிமை மாநாடுகள் நிகழ்ந்தன. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை தரமாக்கப்பட்டது.

அதுவரை ஒவ்வோர் எழுத்துருவும் தமிழுக்குத் தன்விருப்பப்படி எண் கொடுத்துவந்தது. ஒருவர் எழுதிய கட்டுரையை அதே எழுத்துரு இல்லாத மற்றொருவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழாசிரியர் பலர் அவ்வின்னலைத் தாமே பட்டறிந்தவர். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி முறை 1991இலேயே தமிழுக்கு இடம் அளித்தது. எனினும், அது சாதாரண வீட்டுக் கணினியில் இயல்பாக இயங்கத் தொடங்கியது 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே. இன்று விற்பனையாகும் கணினிகளில் தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் அமைப்பிலேயே அடங்கியிருக்கின்றன. தனியே விலை கொடுக்கவேண்டுவதில்லை. 1981இல் எந்த விலைக்கும் கிடைக்காதது இன்று விலையின்றிக் கிடைக்கிறது. இம்மாற்றத்தைத் தமிழர் பலரின் உழைப்பு உண்டாக்கியது.

நூறு டாலர்க் கனவு

21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஏழைக்கும் கணினி’ என்னும் குரல் உலகெங்கும் எழுந்தது. அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெகிரோபாண்டி 2005இல் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 100 டாலரில் ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தை அறிவித்தார். 2007இல் அது உற்பத்தியானபோது விலை அதனைப்போல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. பெரு நாடு அதனைப் பேரளவில் வாங்கிப் பள்ளிகளுக்கு வழங்கியது. அந்நாட்டின் 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் மாணவர் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று கண்டது. கருவி வந்தது, அதனைப் பாடத்தோடு இணைக்கும் ஆசிரியப் பயிற்சி போதிய அளவில் உடன்வரவில்லை.

அதே 2007ஆம் ஆண்டில் தைவானின் அசூசு நிறுவனம் 7 அங்குலத் திரையுடைய சிறு மடிக்கணினியை 400 டாலருக்குள் விற்கத் தொடங்கியது. ‘நெட்புக்’ என்னும் இனம் பிறந்தது. மக்கள் ஆர்வத்தோடு வாங்கினர். ஆஸ்போர்னின் கதை மீண்டும் நிகழ்ந்தது: 7 அங்குலம் 9 ஆயிற்று, 9 என்பது 10 ஆயிற்று, சிறு விசைகளில் விரல்கள் இடறின, வேகமும் போதவில்லை. 2010இல் தொடுதிரைப் பலகைகள் வந்தன. 2012ஆம் ஆண்டின் இறுதிக்குள் நெட்புக் உற்பத்தி ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆகியவற்றின் மேல்நிலை மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் எல்காட் நிறுவனத்தின் வழியாக அவை வாங்கி வழங்கப்பட்டன. பத்தாண்டுக்குள் 50 இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர்களை அவை அடைந்தன. வீட்டில் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது என்னும் அளவில் அதன் சமுதாயப் பயன் பெரிது.

மலேசியாவின் முயற்சிகள்

மலேசியாவில் இம்முயற்சிகள் வேறு வடிவங்களில் நிகழ்ந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி, ஊழியர் சேமநிதியிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுக்க உறுப்பினர்க்கு இசைவு அளிக்கப்பட்டது. கணினி வாங்காமலே பற்றுச்சீட்டுக் காட்டிப் பணம் பெறும் முறைகேடுகள் மலிந்தமையால், அத்திட்டம் சிறிது காலத்தில் நிறுத்தப்பட்டது. 2010இல் தேசிய அகண்ட அலைவரிசை முயற்சியின்கீழ், வருமானம் குறைந்த குடும்பங்களின் மாணவர்க்குப் பத்து இலட்சம் நெட்புக்குகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உலகச் சந்தை நெட்புக்கைக் கைவிடும் தறுவாயில் இருந்த காலம் அது என்பது நோக்கத்தக்கது. விலை எட்டிய நேரத்தில் அளவு பிந்திவிட்டது.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் அடைபட்டன, பாடம் வீட்டுத் திரைக்கு வந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாறிமாறிப் பயன்படுத்தும் நிலை எத்தனையோ குடும்பங்களில் ஏற்பட்டது. ஆசிரியர் அனுப்பிய பயிற்சித்தாளை உள்ளங்கை அகலத் திரையில் படிப்பதும், விடையைத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புவதும் அன்றாட வழக்கமாயின. அதுவரை ஆடம்பரம் எனக் கருதப்பட்ட மடிக்கணினி, கல்விக்கு இன்றியமையாதது என்பதை அக்காலம் தெளிவாக்கியது. அரசு சார்ந்த நிறுவனங்களின் நன்கொடையால் 500 பள்ளிகளின் 150,000 மாணவர்க்குக் கருவிகள் வழங்கும் ‘செர்டிக்’ திட்டம் 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. கைப்பேசி, கணினி, பலகைக்கணினி வாங்குவோர்க்கு 2020 சூன் முதல் 2,500 ரிங்கிட் வரை தனி வருமான வரிக் கழிவும் சில ஆண்டுகள் அளிக்கப்பட்டது. ஆனால் வருமான வரி கட்டும் அளவிற்குச் சம்பளம் பெறாத குடும்பத்திற்கு அக்கழிவால் பயன் யாது? தேவை மிகுந்தோர் வாங்கும் விலை குறையவில்லை. ஆதலின் அவர்கள் தெரிந்து வாங்கவேண்டிய கட்டாயம் மற்றவரினும் மிகுதி.

இன்றைய அளவு யாது?

இவ்வரலாற்றின் வெளிச்சத்தில், தம்போயில் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்திற்கு இன்று போதுமான அளவு யாது என்று வரையறுக்க இயலும்.

கண்ணும் கையும் முதலில். திரை 14 அங்குல அளவினதாய், குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உடையதாய் இருத்தல் நன்று. தமிழின் சுழிகளும் புள்ளிகளும் சிறு எழுத்திலும் தெளிவாகத் தெரிவதற்கு இது வேண்டும். விசைப்பலகையைக் கடையிலேயே பத்து வரி தட்டிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து நினைவகமும் சேமிப்பகமும். விண்டோஸ் 11 இயங்குதளம் கேட்கும் குறைந்த அளவு 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பகமுமே. மிக மலிவான மடிக்கணினிகள் இவ்வெல்லையிலேயே நின்றுவிடுகின்றன. பெட்டியைத் திறந்த முதல் திங்களில் குறை தெரியாது. மேம்பாடுகள் சேரச் சேர இடம் நிரம்பிக் கணினி தளர்ந்துவிடும். 8 ஜிகாபைட் நினைவகமும் 256 ஜிகாபைட் திண்மநிலைச் சேமிப்பகமும் வீட்டு வேலைக்குப் போதுமான அளவாகும். செயலியில் உயர்தரத்தைத் தேடிச் செலவிடும் பணத்தை இவ்விரண்டில் செலவிடுவது பயன் தரும். விளையாட்டுக்கான தனி வரைகலை அட்டை இவ்வீட்டுக்கு வேண்டுவதில்லை.

மூன்றாவது ஆயுள். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் செப்பனிடப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றின் உடலுறுதியும் விசைப்பலகையும் அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மலிவுப் பொறிகளைவிடச் சிறந்திருப்பதுண்டு. ஆயினும், ஏறத்தாழ 2018ஆம் ஆண்டுக்கு முற்பட்ட செயலியுடையவை விண்டோஸ் 11க்குப் பெரும்பாலும் தகுதி பெறா. அவற்றை வாங்குவோர் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவத் தெரிந்தவராய் இருத்தல் வேண்டும். பழைய கணினியின் மின்கலம் தேய்ந்திருக்கும் ஆதலின், அதனை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்கிடல் வேண்டும்.

நான்காவது, பழுது நேர்ந்தால் செல்லுமிடம். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை செய்வோர், அங்குள்ள தள்ளுபடி விற்பனையைக் கண்டு வாங்கிவருவது இயல்பு. உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பொறிகளும் உள்ளன. அத்தகையதற்குப் பழுது ஏற்பட்டால், மீண்டும் பாலம் கடந்து, வேலை நாளொன்றை இழந்து காத்திருக்கவேண்டும். நாணய மாற்றோடு அந்த ஒரு நாட்சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஜொகூர் பாருவில் வாங்குவதே மலிவாக முடிதல் கூடும்.

ஐந்தாவது மொழி. கடையில் பணம் கொடுக்குமுன், அமைப்புப் பகுதியில் தமிழைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையில் ஒரு வரி எழுதிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. கடைக்காரர் அதனை மறுப்பதற்குக் காரணமில்லை.

இவ்வைந்துள் முதல் நான்கையும் வாங்குவோர் தாமே ஆராய்ந்து கொள்வர். ஐந்தாவதில்தான் தமிழாசிரியரின் பணி அமைந்துள்ளது. தமிழ் எழுதும் வசதி இன்று ஒவ்வொரு கணினிக்குள்ளும் இருந்தும், அதனைத் திறந்து பாராத இல்லங்கள் பல. பிள்ளைகள் தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் தட்டிப் பழகிவிடுகின்றனர். பெரு நாட்டுப் பள்ளிகள் காட்டியது போல, கருவி தானே கற்பிப்பதில்லை. ஒருவர் அருகிருந்து பழக்கவேண்டும். மாணவர்க்கு வாரம் ஒரு பத்தியேனும் தமிழ் விசைப்பலகையில் எழுதும் பயிற்சியை வகுப்பில் அளித்தால், அவ்வீடுகளில் உள்ள மடிக்கணினி கூடுதலாக ஒரு காசும் செலவின்றித் தமிழ்க் கணினியாகிவிடும். முத்து நெடுமாறன், நா. கோவிந்தசாமி போன்றோர் பெட்டிக்குள் தமிழை வைத்துவிட்டுச் சென்ற பணியின் எஞ்சிய பகுதி அதுவே.